திரையியக்கி நிரலும் அதன் மேலாய்வும்

நூலொன்று எழுதி முடிக்கப்பெற்ற அளவில் நூலாகிவிடுவதில்லை; அறிந்தோர் அவையின்கண் அரங்கேறிய பின்னரே அஃது அப்பெயர்க்கு உரியதாகும் என்பது நம் முன்னோர் கொள்கை. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று அதன் பாயிரம் கூறும். கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை அரங்கேற்றப் புகுந்த ஞான்று, முதற் செய்யுளின் முதற்சொற் புணர்ச்சிக்கே விதி யாது என்று அவையிலிருந்த ஒருவர் தடை நிகழ்த்தினர் என்றும், வீரசோழியத்தினின்றும் விதி காட்டப்பெற்ற பின்னரே அரங்கேற்றம் மேற்சென்றது என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. இது செவிவழிச் செய்தியே எனினும் இதன்கண் கருதத்தக்கது ஒன்றுண்டு. தடை கூறினவர் ஆசிரியரின் சிறுமையைப் பேசவில்லை. விடை கூறினவர் ஆசிரியரின் பெருமையைப் பேசவில்லை. இருவரும் விதியையே பேசினர்.

இத்தகைய அரங்கேற்றம் இக்காலத்தும் நாள்தோறும் நடைபெறுகின்றது. ஆனால் அது செய்யுளுக்கு அன்று, கணினிக்கு எழுதப்பெறும் நிரலுக்கு. அவற்றுள்ளும் கணினியின் திரையை இயக்கும் நிரல் எவ்வாறு ஆராயப்பெறுகின்றது என்பதையே ஈண்டு எழுதப் புகுகின்றேன். தமிழ் பயிலும் ஒருவர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். உரையாசிரியர்களைப் படித்துப் பழகியவர்க்கு இத்துறை அத்துணை அயலானதன்று என்பது மேலே செல்லச் செல்ல விளங்கும்.

கணினியின் பொறியுறுப்புக்களுக்கும், நாம் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று யாவற்றையும் ஆள்வது இயங்குதளம். அதன் உள்ளீடாய், ஏனைய நிரல்கள் தொடவொண்ணாத உரிமைகளையெல்லாம் உடையதாய் இருக்கும் பகுதியைக் கெர்னல் என்பர். அதனைக் கருவகம் என்று வழங்குவோம். பின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் என்னும் கருவகம் இன்று ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகள் யாவற்றினுள்ளும் இருக்கின்றது. ஆதலால் இக்கட்டுரையை வாசிப்போருட் பலர் தம் சட்டைப் பையில் அதனைச் சுமந்தே திரிகின்றனர். கருவகத்துள், ஒவ்வொரு பொறியுறுப்பையும் அதனதன் இயல்பறிந்து நடத்தும் பகுதிக்கு இயக்கி என்று பெயர். திரையை நடத்துவது திரையியக்கி.

அதன் பணி எளிதென்று எண்ணற்க. 1920 பத்திகளும் 1080 வரிகளும் உடைய ஒரு திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளியொன்றுக்கு 4 பைட்டு வைத்துக்கொண்டால், ஒரு முழுப் படத்திற்கு 82,94,400 பைட்டு நினைவகம் வேண்டும். திரைப்பொறி அவ்வளவையும் விநாடிக்கு 60 முறை படித்துத் திரைக்கு அனுப்புகின்றது; அஃதாவது ஒரு படத்திற்கு ஏறத்தாழ 16.67 மில்லிவிநாடியே காலம். ஒரு படத்தின் கடைசி வரிக்கும் அடுத்த படத்தின் முதல் வரிக்கும் நடுவே ஒரு சிறு இடைவேளை உண்டு. படத்தை மாற்றுவதாயின் அவ்விடைவேளையில் மாற்றல்வேண்டும். தவறினால் மேற்பாதி ஒரு படமும் கீழ்ப்பாதி வேறொரு படமுமாய்க் கிழிந்து தோன்றும். முற்காலத்தில் இப்பணியிற் பெரும்பகுதியை எக்ஸ் என்னும் சாளர நிரல் கருவகத்திற்கு வெளியே இருந்து செய்துவந்தது. ஒரே ஏரை இருவர் பிடித்தாற்போல, கருவகமும் எக்ஸும் ஒரே பொறியைப் பற்றி இழுத்தமையால் குழப்பம் மிகுந்தது. 2009-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த 2.6.29 என்னும் பதிப்பில், இன்டெல் நிறுவனத்தின் பொறிகளுக்கு அப்பணி கருவகத்துள் வந்து சேர்ந்தது. பிற நிறுவனங்களின் பொறிகளும் பின்தொடர்ந்தன. நன்மை பெரிதே. எனினும் கருவகத்துள் நேரும் பிழை கருவகம் முழுவதையும் வீழ்த்த வல்லது. திரையியக்கி வீழ்ந்தாலோ, என்ன நேர்ந்தது என்று சொல்லுதற்குத் திரையும் இராது! மேலாய்வின் இன்றியமையாமை இங்கேதான் தோன்றுகின்றது.

நிற்க. மேலாய்வு நடைபெறும் முறை இது. இயக்கி எழுதினவர் தம் நிரலைச் சிறுசிறு மாற்றங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் இது யாது, ஏன் வேண்டும் என்று ஒரு சிறு பாயிரம் எழுதி, எல்லாரும் காண அனுப்புவர். வரிசைப்படி முதல் மாற்றத்தை மட்டும் சேர்த்தாலும் கருவகம் பழுதின்றி இயங்கவேண்டும். இரண்டினைச் சேர்த்தாலும் அங்ஙனமே. ஒவ்வொரு மாற்றத்தின் கீழும், இதனைத் தருதற்குத் தமக்கு உரிமை உண்டென்று ஆசிரியர் தம் பெயரெழுதிக் கையொப்பமிடுவது 2004-ஆம் ஆண்டு முதல் வழக்கமாயிற்று. ஆராய்வோர் அந்நிரலின் வரிகளுக்கு நடுவே தம் வினாக்களை எழுதி விடுப்பர். மூலத்தின் கீழே உரை வரைவது போன்றதே இது. ஆசிரியர் திருத்தி இரண்டாம் படி அனுப்புவர். பின் மூன்றாம் படி. பத்தாம் படி வரை சென்றனவும் உள. நிறைவுற்றபோது ஆராய்ந்தவரும் தம் பெயரைப் பொறிப்பர். அப்பெயர் அலங்காரத்திற்கு அன்று. நாளைப் பிழை தோன்றின் இவரையும் வினவலாம் என்பதற்குச் சான்று.

ஆராய்வோர் எவற்றை நோக்குவர்? நன்னூலார் நூலுக்குக் கூறிய குற்றங்களுள் கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மிகைபடக் கூறல் என்பன நிரலுக்கும் அப்படியே பொருந்தும். அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. திரையியக்கிக்கே சிறப்பாக உரிய சிலவற்றை மட்டும் காட்டுவேன்.

இயக்கி தொழில் தொடங்குங்கால், முதலில் திரைப்பொறிக்கு மின்சாரம் ஊட்டும். பின்னர்க் கடிகாரத் துடிப்பை ஓடவிடும். அதன்பின் பொறியின் பதிவகங்களில் அளவுகளை எழுதும். இறுதியில் திரைப்பலகையின் விளக்கை ஏற்றும். இவற்றுள் மூன்றாவது செயல் தோற்றது எனக் கொள்க. ‘தோற்றேன்’ என்று சொல்லி மீளுதல் மட்டும் போதாது. இரண்டாவதாகத் தொடங்கிய துடிப்பை முன்னும், முதலில் ஊட்டிய மின்சாரத்தைப் பின்னுமாக, ஏறிய படிகளிலேயே தலைகீழாக இறங்கி நிறுத்தல்வேண்டும். புதியோர் எழுதும் நிரல்களில் வெற்றி பெறும் வழி செம்மையாகவும், தோல்வி பெறும் வழி கவனிப்பாரற்றும் கிடப்பது இயல்பு. எழுதினவரின் மேசையில் அவருடைய பொறி ஒருகாலும் தோற்றதில்லையாதலால், அவ்வழியில் அவர் நடந்து பார்த்ததேயில்லை. ஆகவே தேர்ந்த ஆய்வாளர் அவ்வழியையே முதலிற் படிப்பர்.

அலகுகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மேற்கூறிய 1920-க்கு 1080 திரைக்கு, இடைவேளைகளையும் கூட்டி, வரியொன்றுக்கு 2200 புள்ளியும் படமொன்றுக்கு 1125 வரியுமாகக் கணக்கிடுவது வழக்கம். இவற்றை 60-ஆற் பெருக்கினால் 14,85,00,000 வரும். இதுவே ஒரு விநாடியின் புள்ளித்துடிப்பு. லினக்ஸின் திரைப்பகுதி இதனை ஆயிரத்தின் அலகில், 1,48,500 என்று வைத்துக்கொள்ளும். கடிகாரப் பகுதியோ ஒற்றையலகில் முழு எண்ணையே எதிர்பார்க்கும். ஓரிடத்தில் ஆயிரத்தாற் பெருக்க மறந்தால் திரை ஒளிராது; இருமுறை பெருக்கினாலும் ஒளிராது. ஊருக்கூர் மரக்காலும் படியும் வேறுபட்டிருந்த காலத்து நெல் வாணிகர் பட்ட தொல்லையே இது.

பெருக்கலில் வேறோர் இடரும் உண்டு. 32 இருமவிலக்கம் கொண்ட ஓர் எண்கலத்துள் 4,29,49,67,295 வரையில்தான் கொள்ளும். இதற்கு இருமடங்கு நீளமும் இருமடங்கு அகலமும் உடைய 3840-க்கு 2160 திரையின் துடிப்பு 59,40,00,000. இதனைப் புள்ளியொன்றுக்கு 24 இருமவிலக்கம் என்று பெருக்கினால் 1,425 கோடியே 60 இலட்சம் ஆகிக் கலம் வழிந்துவிடும். வழிந்தது வழிந்ததென்று எவரும் அறியார். எஞ்சியது பார்வைக்கு நல்ல எண்ணாகவே நிற்கும். கெட்ட எண்ணம் உடைய ஒருவன் 65,536 புள்ளி அகலமும் 65,536 வரி உயரமும் உள்ள படத்திற்கு நினைவகம் தருக என்று கேட்பானாயின், பெருக்குத்தொகை 4,29,49,67,296. அஃதாவது கலம் கொள்வதினும் ஒன்று மிகுதி. ஆகவே கலத்துள் நிற்பது சுழியம். கருவகம் சுழியளவு நிலம் அளந்து கொடுக்க, அவன் ஊர் முழுவதும் தன்னதென்று உழுவான். இவ்வாறு நேராதபடி, படநினைவகம் ஒதுக்கும் பகுதியில் பெருக்கு முன்னரே சரிபார்க்கப்பெறுகின்றது. எண்ணைக் கண்டவுடன் ‘இதனைத் தந்தவர் யார்?’ என்று வினவுவது ஆய்வாளர்க்கு இயற்கையாகிவிடல்வேண்டும். பொறி தந்ததாயின் ஓரளவு நம்பலாம். வெளியிலிருந்து வந்ததாயின் சிறிதும் நம்பற்க.

இனி, 2015-ஆம் ஆண்டளவில் லினக்ஸ் திரைப்பகுதியில் நிலைபெற்ற ஒரு நன்முறையைக் கூறுவேன். திரையின் அளவு, துடிப்பு, படம் ஆகிய பலவற்றை ஒருசேர மாற்ற விரும்பும் நிரல், முதலில் ‘இம்மாற்றம் இயலுமா?’ என்று கேட்கும். இயக்கி அப்போது பொறியைத் தொடவே கூடாது. கணக்கிட்டுப் பார்த்து ஆம், அன்று என்று மட்டும் விடை சொல்லவேண்டும். ஆம் என்று சொன்னபின் செய்யத் தொடங்கினால் ‘இயலாது’ என்று பின்வாங்கல் ஆகாது. ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உவர்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் வற்றவிட்டு, போமே அளவுகோலை மிதக்கவிட்டுப் பாகை பார்ப்பர். ஜிப்சம் முதலில் படிந்து கழியும். 25 பாகையளவில் உப்பு விளையத் தொடங்கும் ஆதலின், அந்நிலையை நெருங்கிய பின்னரே விளைபாத்திக்கு மடை திறப்பர். பாகை பாராமல் மடை திறந்தால், விளைபாத்தியில் ஜிப்சம் கலந்து உப்பு கெடும். கலந்ததைப் பிரித்தெடுக்கவும் இயலாது. பாகை பார்ப்பது ஒரு செயல், மடை திறப்பது வேறொரு செயல். சரிபார்க்கும் இடத்திலேயே பொறியைத் தொட்டுவிடும் நிரல், அளவுகோலை மிதக்கவிடுமுன் வரப்பை வெட்டினவனை ஒக்கும். திரையியக்கி மேலாய்வில் மீண்டும் மீண்டும் எழும் தடைகளுள் இஃது ஒன்று.

இதுகாறும் கூறியவை பிழைகள். பிழை எதுவுமின்றி நன்கு இயங்கும் நிரலையும் மறுத்தல் தகுமா? இவ்வினா 2016-இல் உண்மையாகவே எழுந்தது. அதுவே இக்கட்டுரையின் நடுவிடம்.

ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் படவிசைப் பொறிகளைச் செய்வது. அதன் பொறியாளர் ஹாரி வென்ட்லண்ட் முதலியோர் 2016 பிப்ரவரியில் தம் புதிய திரைநிரலை லினக்ஸ் கருவகத்திற்கென முன்வைத்தனர். அஃது ஏறத்தாழ 90,000 வரிகள் உடையது. விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டுக்கும் ஒரே நிரல் பொதுவாக உதவும்படி, நடுவே ஓர் இடைத்தளம் கட்டி, அதன்மேல் எழுப்பப்பெற்றது. நிறுவனத்தார் கூறிய காரணம் பொய்யன்று. புதிய பொறிகளின் திரைப்பகுதி மிகச் சிக்கலானது. லினக்ஸிற்கென வைத்துள்ள ஆட்களோ சிலர். ஆய்வுக்கூடத்தில் பொறி பிறக்கும்போதே சோதிக்கப்பெற்ற நிரலை அப்படியே பயன்படுத்தினால் பிழை குறையும் என்றனர். இடைத்தளம் ஆகாது என்னும் குறிப்பு தொடக்கத்திலேயே அவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர்கள் மீண்டும் கேட்டபோது, திரைப்பகுதியின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி, அவ்வடிவில் அதனை ஏற்கவியலாது என்று வெளிப்படையாக மறுத்துவிட்டார்.

அவர் மறுத்ததன் கருத்தை யான் விளங்கிக்கொண்டவாறு கூறுவேன். கருவகத்துள் ஒரு நிரல் நுழைந்த பின் அஃது எழுதினவர்க்கு மட்டும் உரியதன்று, எல்லார்க்கும் பொது. பொதுவான அமைப்பொன்றை மாற்றவேண்டிவரின், அவ்வமைப்பைச் சார்ந்த எல்லா இயக்கிகளையும் மாற்றுகிறவரே திருத்தித் தருவது லினக்ஸின் மரபு. தனக்கெனத் தனி மொழியும் தனி வேலியும் உடைய ஒரு பெருநிரல் உள்ளே வந்தால், வேற்றார் அதனைத் தொட அஞ்சுவர். அது பொதுத் தோட்டத்துள் ஒரு தனித் தோட்டமாகிவிடும். எழுதின நிறுவனம் நாளை வேறு வேலைக்குச் சென்றால் அதனைக் காப்பவர் யார்? ஒருவர்க்கு இடங்கொடுத்தால் அடுத்த நிறுவனமும் தன் இடைத்தளத்தோடு வந்து வாயிலில் நிற்குமன்றோ?

இம்மறுப்பினால் இழப்பு எவர்க்கும் இல்லை என்பதற்கில்லை. அந்நிறுவனம் 2017 ஆகஸ்டில் விற்பனைக்கு விட்ட வேகா என்னும் பொறியின் திரைவாயில், இந்நிரல் இன்றிப் பொதுக் கருவகத்தில் இயங்காது. காசு கொடுத்து வாங்கினவர் தனியே தொகுத்த கருவகத்தைத் தேடி நிறுவவேண்டியதாயிற்று. அவர்க்கு இடைத்தளமும் மரபும் எற்றுக்கு? அவர் வேண்டினது ஒளிரும் திரை. இத்துணையும் எண்ணிப் பார்த்த பின்னரும், மறுத்தது முறையே என்பது என் துணிபு. பின்னிகழ்ந்தது அதற்குச் சான்றாகும். நிறுவனத்தார் சினந்து விலகவில்லை. நிரலின் பல பகுதிகளைக் களைந்தும், லினக்ஸ் திரைப்பகுதியின் பொது அமைப்புக்களையே ஆண்டும், மேலே கூறிய பாகை பார்த்து மடை திறக்கும் முறைக்கு இசையத் திருத்தியும் அதனை மீண்டும் கொணர்ந்தனர். 2017 நவம்பரில் அது கருவகத்துள் சேர்ந்தது. 2018 ஜனவரி 28-இல் 4.15 என்னும் பதிப்பாக வெளிவந்தது. அப்போது அதன் அளவு ஏறக்குறைய 1,32,000 வரிகள். ஈண்டு எனக்கோர் ஐயம் உண்டு, மறைப்பானேன்? நாளொன்றுக்கு 500 வரிகளை ஊன்றிப் படிப்பவர்க்கும் இதனை முடிக்க 264 நாள் செல்லும். இவ்வளவையும் வரிவரியாக ஆராய்ந்தவர் ஒருவர் இருந்திருப்பர் என்று எண்ண இயலவில்லை. பெருநிரலை ஏற்கும்போது வரிகளை நம்பி ஏற்பதினும், எழுதினவர் திருந்தின முறையை நம்பி ஏற்பதே மிகுதி போலும்.

மறுக்கத்தக்கதைப் பற்றிப் பேசுங்கால் நம் மொழியையும் நினைக்க வேண்டியிருக்கின்றது. லினக்ஸ் கருவகம் தானே எழுத்துக்காட்டும் ஒரு கருந்திரையுண்டு. அதில் தமிழ் செவ்வனே தோன்றாது. அங்கு 512 எழுத்துருவங்கள் வரை வைக்கலாம். நம் எழுத்தோ 247 ஆதலால் தாராளமாக இடமுண்டே என்று எவர்க்கும் தோன்றும். தடை எண்ணிக்கையில் இல்லை. அத்திரை ஒரு குறியீட்டிற்கு ஒரு கட்டம் என்னும் விதியுடையது. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரத்தின் பின் ஒகரக்குறி என இரண்டாகவே எழுதப்பெறும். அக்குறியோ கண்ணுக்கு ஒற்றைக்கொம்பாய் முன்னும் காலாய்ப் பின்னும் பிரிந்து நிற்கவேண்டும். இதனை அமைத்துத்தருவது ஹார்ஃப்பஸ் முதலிய எழுத்தமைப்பு நிரல்கள். அவை கருவகத்திற்கு வெளியே இருப்பன. தமிழுக்காக அவ்வேலையைக் கருவகத்துள் கொணரலாகாதா என்றால், ஆகாது என்றே யானும் சொல்வேன். ஒரு கொம்பை எழுதுதற்காக மிகப் பெரிய நிரலொன்றை எல்லா உரிமையும் உள்ள இடத்தில் வைத்தல் கூடாது. தமிழின்மேல் உள்ள அன்பு காரணமாக விதியைத் தளர்த்தும்படி கேட்பதும் ஒருவகை இடைத்தளமே. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த 6.10 பதிப்பில், கருவகம் வீழும் தறுவாயில் அச்செய்தியைத் திரையில் எழுதிவிட்டு வீழும்படியான ஏற்பாடு சேர்ந்தது. அதற்கு வேண்டும் சில சொற்களுக்கு அந்த எளிய எழுத்தே போதும்.

மேலாய்வுத் தொழிலில் எத்தகையோர் புகலாம்? விலையுயர்ந்த பொறி இல்லாதவர்க்கு இடமில்லை என்று கருதவேண்டா. ஆராய்வோர் பலர், தாம் ஆராயும் பொறியைக் கண்ணாலும் கண்டிலர். நிரலையும் பொறிக்குறிப்பையும் படித்தே தீர்ப்புச் சொல்வர். பொறியே இல்லாமல் நினைவகத்துள் மட்டும் இயங்கும் பாவனைத் திரையியக்கி ஒன்றும் உண்டு, வி.கே.எம்.எஸ். என்பது அதன் பெயர். ஹனீன் முகம்மது, ரொத்ரிகோ சிகெய்ரா ஆகிய இருவர், 2018-இல் இளைஞர் பயிற்சித் திட்டங்களின் வழியாக அதனை வளர்த்தனர். அவ்வாண்டே 4.19 பதிப்பில் அது சேர்ந்தது. பழைய மடிக்கணினி ஒன்று இருப்பின் ஆறுமுகநேரியில் இருந்துகொண்டும் அதனை இயக்கிப் பார்க்கலாம். ஒரு வரியை மாற்றி என்ன கெடுகின்றது என்றும் காணலாம். திரைப்பகுதியார் தம் ஆவணத்துள், செய்யவேண்டிய பணிகளைத் தொடக்கநிலை முதல் கடுநிலை வரை தரம்பிரித்து எழுதி வைத்துள்ளனர். தொடக்கநிலைப் பணிகள் புதியோர்க்கென்றே விடப்பட்டவை. மேற்குறித்த சிகெய்ரா பின்னர் ஏ.எம்.டி. நிறுவனத்திற் சேர்ந்து, 2016-இல் வாயிலில் நிறுத்தப்பெற்ற அந்தத் திரைநிரலுக்கே பராமரிப்பாளருள் ஒருவராயினார்.